தேசிய ரோயிங் சாம்பியன்ஷிப்: ஒரு போட்டி நாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேஷனல்ஸ் தேதி அறிவித்ததும் வீரர்களின் அப்பா அம்மா, மாமா, ஹாஸ்டல் நண்பர்கள் என்று எல்லோரிடமிருந்தும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் ரயிலில் போகும்போது படித்துக்கொள்ளலாம். நான் சொல்வது இந்திய ரோயிங் ஃபெடரேஷன் நடத்தும் சீனியர் தேசியப் போட்டியைப் பற்றி. புனே, ஹைதராபாத் உசேன் சாகர், சண்டிகர் சுக்னா ஏரி என்று இடம் மாறினாலும் ஒரு நாளின் போக்கு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விதிகளும் அநேகமாக உலக ரோயிங் சங்கத்தின் விதிகள்தான். ஏதாவது மாற்றம் இருந்தால் முதல் நாள் மாலை நடக்கும் மேனேஜர்கள் கூட்டத்தில் சொல்லிவிடுவார்கள், அதுதான் கடைசி வார்த்தை.

ரோயிங்னா கேரளாவுல ஓணம் சமயத்துல பாம்பு மாதிரி நீளமா படகு விடுவாங்களே, அதுதானே?

இல்லை. ஆலப்புழையில் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு டிராபியில் ஓடுவது சுண்டன் வள்ளம். அதில் நூறு பேருக்கு மேல் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பைக் கையில் பிடித்து வலிப்பார்கள், துடுப்பு படகோடு இணைந்திருக்காது. ரோயிங்கில் துடுப்பு படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ரிக்கரில் மாட்டியிருக்கும், வீரர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், சீட் சக்கரத்தில் முன்னும் பின்னும் நகரும்.

அந்த நகரும் சீட்தான் எல்லாம். ஷூ படகிலேயே பொருத்தியிருக்கும். காலை மடக்கி முன்னால் வந்து, துடுப்பைத் தண்ணீரில் போட்டு, காலால் உதைத்துப் பின்னால் போகிறார்கள். பார்ப்பவர்களுக்குக் கை வேலையாகத் தெரியும், ஆனால் பெரும்பங்கு வேலை தொடையில்தான் நடக்கிறது. ரோயிங் ஆடுகிற பையனின் தொடையைப் பார்த்தாலே தெரியும்.

போர்டுல எம்2எக்ஸ், எல்எம்2எக்ஸ், டபிள்யூ4- னு எழுதியிருக்கு, தலையும் புரியல காலும் புரியல.

முதல் எழுத்து ஆணா பெண்ணா என்று சொல்கிறது: எம் ஆண்கள், டபிள்யூ பெண்கள். முன்னால் எல் இருந்தால் லைட்வெயிட். எண், துடுப்பு போடுகிறவர்கள் எத்தனை பேர் என்பது. பின்னால் எக்ஸ் வந்தால் ஸ்கல், அதாவது ஒருவருக்கு இரண்டு துடுப்பு. எக்ஸ் இல்லாவிட்டால் ஸ்வீப், ஒருவருக்கு ஒரே ஒரு நீளத் துடுப்பு. கழித்தல் குறி என்றால் காக்ஸ், அதாவது துடுப்பு போடாமல் உட்கார்ந்து படகை நடத்துபவர், கிடையாது, கூட்டல் குறி என்றால் காக்ஸ் உண்டு.

ஆக டபிள்யூ4- என்பது பெண்கள், நான்கு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு, காக்ஸ் இல்லை. எம்8+ என்பது எட்டுப் பேரோடு காக்ஸும் போகும் பெரிய படகு. பதினேழு பதினெட்டு மீட்டர் நீளம் இருக்கும். சிங்கிள் ஸ்கல் சுமார் எட்டு மீட்டர்தான், விதிப்படி குறைந்தபட்ச எடை வெறும் 14 கிலோ.

ஏன் விடியக்காலையிலயே வரச் சொல்றீங்க? பத்து மணிக்கு வந்தா ஆகாதா?

பத்து மணிக்கு வந்தால் பாதி நாள் முடிந்திருக்கும். காரணம் காற்று. நம் ஊர் ஏரிகளில் விடியற்காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், வெயில் ஏற ஏறக் காற்று கிளம்பி அலை எழும்பும். இந்தப் படகுகள் அரை அடி அலைக்கே தடுமாறும். அதனால் முடிந்த மட்டும் எல்லா ரேஸையும் காலையிலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள். காற்று அதிகமானால் ரேஸைத் தள்ளிவைப்பார்கள், சில நாள் மாலை வரை காத்திருக்கவும் வேண்டும். அதனால் திரும்பும் ரயிலை மதியத்துக்கு மட்டும் புக் செய்யாதீர்கள்.

வீரர்கள் ரேஸுக்கு ரொம்ப நேரம் முன்னாலேயே வந்துவிடுவார்கள். படகை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஒவ்வொரு நட்டாகச் சரிபார்ப்பது, கால்பலகையை ஆளுக்குத் தகுந்த மாதிரி நகர்த்துவது, நிலத்தில் வார்ம் அப், பிறகு தண்ணீரில் வார்ம் அப் என்று நேரம் ஓடிவிடும்.

எங்க நின்னா நல்லா தெரியும்? ஃபினிஷ்ல நின்னா போதுமா?

தூரம் 2000 மீட்டர், நேர்கோடு. ஸ்டார்ட்டில் நின்றால் ஃபினிஷ் தெரியாது, ஃபினிஷில் நின்றால் முக்கால் ரேஸ் வரை தொலைவில் கோடுகள் மாதிரிதான் தெரியும். எல்லோரும் ஃபினிஷில்தான் கூடுவார்கள், பந்தலும் ஸ்பீக்கரும் அங்கேதான் இருக்கும்.

என்னைக் கேட்டால், கரையோரம் நடக்க அனுமதி இருந்தால் ஒரு ரேஸையாவது 1250க்கும் 1500 மீட்டருக்கும் இடையில் நின்று பாருங்கள். மெடல் யாருக்கு என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. ஏன் என்பதைக் கீழே 'முன்னாடி இருந்தாங்க' கேள்வியில் சொல்கிறேன். அங்கே கூட்டமே இருக்காது, துடுப்பு விழும் சத்தமும் சீட் உருளும் சத்தமும் மூச்சு வாங்குவதும் தெளிவாகக் கேட்கும். இந்த விளையாட்டு எவ்வளவு கஷ்டம் என்பது அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும்.

என் பையன் எந்தப் படகுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.

படகின் முன்முனையில் ஒரு சின்ன எண் அட்டை செருகியிருக்கும். அது லேன் நம்பர். டிரா, அதாவது எந்த அணி எந்த ரேஸில் என்ற பட்டியல், ஒட்டியிருக்கும் பலகையில் ரேஸ் நம்பர், லேன், மாநிலம் மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஜெர்சி நிறம். துடுப்பின் அலகில் உள்ள பெயின்ட்டை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பல அணிகள் துடுப்பைக் கடன் வாங்கித்தான் ஓட்டுகின்றன.

முதுகைக் காட்டிக்கிட்டு போறாங்களே, இடிச்சுக்க மாட்டாங்களா?

லேன் ஒவ்வொன்றும் பன்னிரண்டரையிலிருந்து பதினைந்து மீட்டர் வரை அகலம், இருபுறமும் மிதவைகள் வரிசையாகக் கட்டியிருக்கும். தாங்கள் கடந்துவந்த மிதவை வரிசை படகின் பின்முனைக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். காக்ஸ் இல்லாத ஸ்வீப் படகுகளில் ஒருவருடைய ஷூவோடு சுக்கான் கம்பி இணைந்திருக்கும், பாதத்தை லேசாகத் திருப்பினால் படகு திரும்பும். சிங்கிள், டபுளில் சுக்கான் கிடையாது, ஒரு கையைக் கொஞ்சம் அழுத்தி வலித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

பின்னாலேயே மோட்டார் படகில் அம்பயர் வருவார். ஒரு படகு அடுத்த லேனுக்குள் சாய்ந்து இன்னொருவருக்கு இடைஞ்சல் வருமென்று பட்டால் வெள்ளைக் கொடியைத் தூக்கி, அணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கொடியைக் காட்டுவார். படகின் மூக்கில் வெள்ளையாக ஒரு ரப்பர் பந்து இருக்கும், அது மோதினால் யாரையும் குத்தக் கூடாது என்பதற்காக. பந்து இல்லாத படகை ஓட்டவே விடமாட்டார்கள்.

காக்ஸ்னு ஒருத்தர் சும்மா உக்காந்து கத்திக்கிட்டு வர்றாரே, அவருக்கும் மெடலா?

ஆமாம், அதே மெடல்தான், அதற்கு முழுத் தகுதியும் அவருக்கு உண்டு. எட்டுப் பேரும் பின்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது முன்னால் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். சுக்கான் அவர் கையில். எதிர் அணி எத்தனை சீட் தூரம் தள்ளி இருக்கிறது, எப்போது வேகத்தைக் கூட்டுவது, யாருடைய துடுப்பு தாமதமாக விழுகிறது, எல்லாம் அவர்தான் மைக்கில் சொல்வார். மூச்சு முட்டும்போது ஒருவனுக்குத் தன்னால் முடியும் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும், அது அவருடைய குரல்.

காக்ஸ் குறைந்தது 55 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் மணல் பை மாதிரி எடையைக் கூட வைத்துக்கொள்ளலாம், 15 கிலோ வரைதான். இன்னொரு விஷயம், ரேஸ் நடுவில் ஒரு வீரர் தண்ணீரில் விழுந்துவிட்டால்கூட மீதிப் பேர் ஓட்டி முடிக்கலாம், ஆனால் காக்ஸ் இல்லாமல் வந்து சேர்ந்த படகுக்கு இடம் கிடையாது.

ஸ்டார்ட்ல ரொம்ப நேரம் சும்மா நிக்கிறாங்களே, என்ன நடக்குது?

சும்மா நிற்கவில்லை. ஸ்டார்ட்டில் மிதக்கும் மேடை ஒன்று இருக்கும். அதில் லேனுக்கு ஒருவராகப் பையன்களோ பெண்களோ குப்புறப் படுத்துக்கொண்டு படகின் பின்முனையைக் கையால் பிடித்திருப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அலைனர் 'மூணாவது லேன் கொஞ்சம் முன்னால், ஐந்து பின்னால்' என்று சொல்லச் சொல்ல, அவர்கள் படகைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். எல்லா வெள்ளைப் பந்தும் ஒரே கோட்டில் வர வேண்டும். காற்று இருந்தால் மூக்கு திரும்பிக்கொண்டே இருக்கும், முன்சீட்டுக்காரர் துடுப்பின் நுனியால் லேசாகத் தட்டித் தட்டி நேராக்குவார். வெயிலில் மணிக்கணக்கில் இப்படிப் படுத்திருக்கும் அந்தப் பிள்ளைகள் இல்லாமல் ஒரு ரேஸும் கிளம்பாது. அநேகமாக யாரும் அவர்களுக்கு நன்றி சொல்வதில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.

நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எல்லோரும் லேனில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் வரிசையாக அணிகளின் பெயரை அழைப்பார், பிறகு 'அட்டென்ஷன்', சிவப்பு விளக்கு, ஒரு இடைவெளி, பச்சை. விளக்கு இல்லாத இடத்தில் சிவப்புக் கொடியைத் தூக்கி இறக்குவார்கள். அந்த இடைவெளி எவ்வளவு என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆனா உடனே வெளியேத்திடுவாங்களா?

முதல் தடவை மஞ்சள் அட்டை, எல்லோரும் திரும்பி வந்து மறுபடி கிளம்புவார்கள். அதே அணி இன்னொரு மஞ்சள் வாங்கினால் சிவப்பு, அந்த ரேஸில் இல்லை. ஸ்டார்ட்டுக்குத் தாமதமாக வந்தாலும் மஞ்சள் உண்டு, அதனால் தாமதத்துக்கு ஒன்று, முந்தியதற்கு ஒன்று என்று இரண்டும் சேர்ந்து வெளியே போய்விடவும் வாய்ப்பிருக்கிறது. வருஷம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு ஒரு தடவைகூடத் துடுப்பு போடாமல் கரைக்குத் திரும்புவது மாதிரி வேதனை கிடையாது. மகனோ மகளோ தாமதமாகக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால் அந்த நேரத்தில் போன் போட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

ஹீட்ல மூணாவது வந்துட்டான். அவ்வளவுதானா? ஊருக்கு டிக்கெட் போட்டுடலாமா?

போடாதீர்கள். ஹீட்டில், அதாவது முதல் சுற்றில், நேராகத் தேறாதவர்களுக்கு ரெப்பசாஜ் என்று இன்னொரு ரேஸ் உண்டு. நம் ஊர் சப்ளிமெண்டரி பரீட்சை மாதிரிதான், அதில் பாஸானாலும் பாஸ்தான். உதாரணத்துக்கு ஒரு போட்டியில் பத்துப் படகு என்று வையுங்கள். இரண்டு ஹீட், ஒவ்வொன்றிலும் ஐந்து. பழைய வழக்கப்படி முதலிடம் வந்த இரண்டு படகும் நேராக ஃபைனல். மீதி எட்டும் நாலு நாலாக இரண்டு ரெப்பசாஜ் ஓட்டும், அவற்றில் முதல் இரண்டு இடம் பிடித்தவை ஃபைனலுக்கு வரும். ஆக ஆறு லேனும் நிறைந்துவிடும். எத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்பது படகு எண்ணிக்கையைப் பொறுத்து மாறும், டிராவின் கீழேயே எழுதியிருப்பார்கள்.

அதனால் ஹீட்டில் கடைசி 300 மீட்டரில் ஒரு படகு வேகத்தைக் குறைத்தால் 'விட்டுட்டானே' என்று கோபப்படாதீர்கள். தேறுகிற இடம் உறுதியாகிவிட்டது, அல்லது எப்படியும் ரெப்பசாஜ்தான் என்று தெரிந்துவிட்டது, மறுநாளுக்குச் சக்தியைச் சேமிக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு போட்டியில் ஓட்டுகிறார் என்றால் இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

லைட்வெயிட்னா எவ்வளவு? ரேஸ் அன்னிக்கு சாப்பிட விடமாட்டேங்கறாங்களாமே?

ஆண்களில் ஒருவர் 72.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, அணியின் சராசரி 70ஐத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு 59, சராசரி 57. போட்டி நாள் ஒவ்வொன்றிலும் அந்தப் பிரிவின் முதல் ரேஸுக்கு இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எடை பார்ப்பார்கள், போட்டி உடையோடு. கொஞ்சம் கூடினால்கூட இரக்கம் காட்டமாட்டார்கள்.

அதனால்தான் விடியற்காலையில் சிலர் ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பீர்கள். நூறு இருநூறு கிராம் வியர்வையில் இறக்குவது வேறு, இரண்டு மூன்று கிலோவைத் தண்ணீர் குடிக்காமல் இறக்கிவிட்டு 2000 மீட்டர் ஓட்டுவது வேறு. இரண்டாவது ஆபத்து. எடையை மாதக்கணக்கில் சாப்பாட்டைக் கவனித்து மெதுவாகக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் ஓபன் பிரிவில் ஓட்டட்டும். வளர்கிற பிள்ளையை லைட்வெயிட்டுக்காகப் பட்டினி போடச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள், அது கோச்சாக இருந்தாலும் சரி.

ஆரம்பத்துல ஒரு படகு முன்னாடி இருந்தாங்க, எப்படித் தோத்தாங்க?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. 2000 மீட்டரை நாலு 500ஆகப் பிரித்துப் பாருங்கள். முதல் 500 எல்லோருக்கும் வேகமானது. நிமிடத்துக்கு நாற்பது ஸ்ட்ரோக்குக்கு மேல் போய், பிறகு முப்பத்தி நாலு முப்பத்தி ஆறு என்று இறங்கி நிலைக்கு வருவார்கள். அந்த ஆரம்ப வேகத்துக்கான கடனை உடம்பு பிறகு வட்டியோடு கேட்கும். மூன்றாவது 500இல்தான் கேட்கும். தொடை எரியும், ஃபினிஷ் இன்னும் தூரம், கூட்டத்தின் சத்தமும் கேட்காது. கடைசி 500 எப்படியும் ஓடிவிடும், ஏனென்றால் முடிவு நெருங்கிவிட்டது என்று தெரியும். மூன்றாவதில் வேகம் குறையாத படகு ஜெயிக்கும்.

அதனால் யார் முன்னால் என்று பார்க்காதீர்கள், இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். இரண்டு படகு நீளம் பின்னால் இருக்கும் அணி ஒவ்வொரு நூறு மீட்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினால் அவர்கள் நிதானமாக ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். களைத்துப்போன படகையும் கண்டுபிடிக்கலாம். துடுப்புகள் ஒன்றாக விழாமல் ஒன்றிரண்டு பின்தங்கும், தண்ணீர் மேலே தெறிக்கும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் முன்முனை முங்கி முங்கி எழும். நல்ல அணியின் துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது தெறிப்பு மிகக் கொஞ்சம், அவர்கள் போனபின் சுழிகள் மட்டும் வரிசையாக, ஒரே இடைவெளியில் கிடக்கும்.

இடைவெளியை நேரமாக மாற்றவும் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கிளில் ஒரு படகு நீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் வினாடி, எட்டுப் பேர் படகில் மூன்று வினாடி. எட்டு பெரிய படகு, அதனால் ஒரு நீளம் என்பது பெரிய தோல்வி.

ஃபினிஷ்ல ரெண்டு படகும் ஒண்ணா வந்த மாதிரி இருந்துச்சு. எப்படி முடிவு பண்றாங்க?

மேலே சொன்ன வெள்ளைப் பந்து எது முதலில் கோட்டைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. வீரரின் தலையோ துடுப்போ கணக்கில்லை. கோட்டுக்கு நேராக உள்ள கேமரா கோட்டை மட்டும் தொடர்ந்து படமெடுக்கும், அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் சிங்கிள் ஃபைனலில் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேலுக்கும் குரோஷியாவின் டமிர் மார்ட்டினுக்கும் ஒரே நேரம், 6 நிமிடம் 41.34 வினாடி. படத்தைப் பார்த்துத்தான் டிரைஸ்டேலுக்குத் தங்கம் கொடுத்தார்கள். துடுப்பு தண்ணீரில் இறங்கும் நேரத்தில் படகு மெதுவாகவும் துடுப்பு காற்றில் திரும்பும்போது வேகமாகவும் போகும். கோடு வரும் நேரத்தில் யார் ஸ்ட்ரோக்கின் எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பதே சில ரேஸை முடிவுசெய்துவிடும். படத்திலும் பிரிக்க முடியாவிட்டால், ஃபைனலில் இருவருக்கும் அதே இடம்.

போன வருஷம் இதே போட்டியில இருபது செகண்ட் கம்மியா வந்தானே, இப்ப ஃபார்ம் போயிடுச்சா?

நேரத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பின்காற்று அடித்தால் எல்லோருக்கும் வேகம், எதிர்காற்று அடித்தால் எல்லோருக்கும் மெதுவு, சிங்கிளில் அரை நிமிடத்துக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அதனால்தான் உலக ரோயிங்கில் 'உலக சாதனை' என்று சொல்லாமல் 'உலகின் சிறந்த நேரம்' என்று சொல்கிறார்கள். 2017இல் போலந்தின் போஸ்னானில் ஜெர்மனியின் எட்டுப் பேர் படகு ஓட்டிய 5:18.68 அப்படிப்பட்ட ஒன்று. பையனின் நிலையைப் பார்க்க வேண்டுமானால் அதே ரேஸில், அதே காற்றில் ஜெயித்தவருக்கும் இவனுக்கும் எத்தனை வினாடி என்று பாருங்கள், போன வருஷமும் அந்த இடைவெளி எத்தனை என்று பாருங்கள்.

ஒரு ஓரத்து லேன்ல காத்து கம்மியா இருந்துச்சு. இது அநியாயம் இல்லையா?

சில நாள் உண்மையிலேயே அப்படி ஆகும். பக்கவாட்டுக் காற்றில் கரையோரம் இருக்கும் லேனுக்கு மரமோ மேடோ மறைவு தரும். நடுவர்கள் இதைக் கவனிப்பார்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தால் முந்தைய சுற்றில் நன்றாக ஓட்டியவர்களுக்கு நல்ல லேன் போகும்படி லேனை மாற்றிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் ரேஸையே தள்ளிவைக்கலாம். சாதாரண நாளில் நல்ல இடம் பிடித்தவர்களுக்கு நடு லேன், அங்கிருந்து இருபக்கமும் பார்க்கலாம். ஹீட்டில் சும்மா தேறினால் போதும் என்று இருக்காமல் இடம் பிடிக்கப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படகையெல்லாம் எப்படிக் கொண்டுவர்றாங்க? சொந்தப் படகு இல்லாத டீம் என்ன பண்ணும்?

எட்டுப் பேர் படகு இரண்டு மூன்று துண்டாகக் கழன்று போல்ட்டில் இணையும் வகையிலும் கிடைக்கிறது, அப்படியும் லாரியில் ஏற்றி நாடு முழுக்கக் கொண்டுபோவது பெரிய செலவு. அதனால் பல மாநிலங்கள் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, போட்டி நடத்துகிறவர்கள் தரும் படகிலோ வேறு அணியிடம் கேட்டு வாங்கிய படகிலோ ஓட்டுகின்றன. ஒரே படகு காலையில் இரண்டு மூன்று அணிக்குப் போகும்.

இதில் உள்ள கஷ்டத்தைப் படகு நிறுத்தும் இடத்தில் போய்ப் பார்த்தால் புரியும். ஒரு படகு கரைக்கு வந்ததும் அடுத்த அணி ஸ்பேனரோடு காத்து நிற்கும். கால்பலகையின் திருகைக் கழற்றி நாலு ஓட்டை முன்னால் தள்ளுவது, துடுப்புக் கொண்டியின் உயரத்துக்கு வாஷரை மேலேயிருந்து எடுத்துக் கீழே மாட்டுவது, அப்புறம் துடுப்பைக் கொண்டிக்குள் பூட்டும் ஒவ்வொரு கேட்டையும் விரலால் திருகி இறுகியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்ப்பது, எல்லாம் கால் மணி நேரத்தில். அந்த கேட் நடு ரேஸில் திறந்துகொண்டால் துடுப்பு வெளியே வந்துவிடும், சிங்கிளில் அப்படியே கவிழ வேண்டியதுதான். சொந்தப் படகில் மாதக்கணக்காக ஒரே அளவில் ஓட்டும் அணியோடு இவர்கள் மோதுகிறார்கள் என்பதை ரிசல்ட் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

படகு நடுவுல நின்னுடுச்சு, ஒருத்தர் பின்னாடி சாஞ்சுட்டாரு. என்ன ஆச்சு?

துடுப்பின் அலகு சரியான கோணத்தில் வெளியே வராமல் தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும், அதை கிராப் என்பார்கள். படகின் வேகம் முழுவதும் அந்தத் துடுப்பின் பிடி வழியாக வீரரின் வயிற்றிலோ நெஞ்சிலோ வந்து மோதும், சிலரைச் சீட்டிலிருந்தே தூக்கி எறிந்துவிடும். கவிழ்ந்தால் பயப்படாதீர்கள். ஷூவின் குதிகால் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும், அதனால் கால் தானாகவே கழன்று வந்துவிடும், இதை ரேஸுக்கு முன் சோதிப்பார்கள். பாதுகாப்புப் படகும் அம்பயர் படகும் பக்கத்திலேயே இருக்கும்.

ரேஸ் முடிஞ்சதும் அம்பயர் சிவப்புக் கொடி காட்டினாரு. ரிசல்ட் செல்லாதா?

வெள்ளைக் கொடி என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சிவப்பு என்றால் யாரோ ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அம்பயரே ஏதோ தவறைக் கண்டிருக்கிறார். முடிவு நிறுத்திவைக்கப்படும். ஆட்சேபம் உள்ள அணி கோட்டைத் தாண்டியதும் அங்கேயே கையைத் தூக்கி அம்பயரிடம் சொல்ல வேண்டும். கரைக்கு வந்து, கோச்சிடம் பேசி, பிறகு புகார் கொடுக்கலாம் என்றால் நேரம் போய்விட்டது. அம்பயரின் முடிவில் திருப்தி இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில், டெபாசிட் பணத்தோடு மேல்முறையீடு. இதை அணி மேனேஜர் செய்வார். பெற்றோர் நடுவர் கூடாரத்துக்குப் போய்ச் சத்தம் போட்டால் அணிக்குத்தான் கெடுதல்.

ஏன் எப்பப் பாத்தாலும் ராணுவத்துக்காரங்களே ஜெயிக்கறாங்க?

புனேயில் ராணுவப் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஆர்மி ரோயிங் நோட் என்ற பயிற்சி மையம் இருக்கிறது. படகு, கோச், சாப்பாடு, சம்பளம் எல்லாம் ஒரே இடத்தில், வேறு வேலை கிடையாது. ராணுவத்தில் சேர்ந்த உயரமான பையன்களைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். தத்து போகனல் நாசிக் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சமுள்ள கிராமத்திலிருந்து 2012இல் ராணுவத்தில் சேர்ந்தபின்தான் துடுப்பைத் தொட்டார், 2016 ரியோவில் சிங்கிளில் பதின்மூன்றாவது வந்தார், 2018 ஆசிய விளையாட்டில் ஸ்வர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோரோடு நாலு பேர் ஸ்கல் ஓட்டும் குவாட்ரபிளில் தங்கம் வென்றார். 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் சிங்கிளில் தங்கம் வாங்கிய பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர், அவரும் ராணுவம்தான். சிறு வயதிலேயே தண்ணீரில் வளர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, உயரமும் உழைப்பும் வசதியும் சேர்ந்தால் போதும். மாநில அணிகளுக்கு இல்லாதது மூன்றாவது.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய சம்பந்தம். அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப்போடு அவர்களுக்குள்ள படகுப் போட்டி 1898இலிருந்து வருகிறது. ஆனால் இவ்வளவு பழைய ஊரில் ரோயிங் இன்னும் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் ஆதங்கம். உயரமான பிள்ளைகள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள், வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேரையாவது ஆற்றங்கரைக்கு அழைத்துவர அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களால்தான் முடியும்.

2028 ஒலிம்பிக்ஸ்ல லைட்வெயிட் இல்லையாமே? அப்ப என் பொண்ணு லைட்வெயிட்ல ஓட்டறது வீணா?

ஒலிம்பிக்ஸில் இனி லைட்வெயிட் இல்லை என்பது உண்மை. அதற்குப் பதிலாகக் கடலோர ரோயிங் வருகிறது, கடற்கரையிலிருந்து ஓடிப் படகில் ஏறி அலையைத் தாண்டி ஓட்டும் பீச் ஸ்பிரிண்ட். லாங் பீச்சில் இடம் போதாததால் சாதாரண ரோயிங்கும் 2000க்குப் பதில் 1500 மீட்டர்தான். டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் லைட்வெயிட் டபுளில்தான் பதினொன்றாவது வந்தார்கள், அதனால் நமக்கு இது இழப்புதான்.

வீண் இல்லை. நேஷனல்ஸில் ஒரு பிரிவு இருக்கும்வரை அதன் மெடல் மெடல்தான், வேலைக்கும் கல்லூரி ஒதுக்கீட்டுக்கும் எந்தெந்தப் போட்டி செல்லும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நேஷனல்ஸில் 500 மீட்டர் ஸ்பிரிண்ட் போட்டிகளும் உண்டு. 2000க்கு மூச்சு எவ்வளவு முக்கியமோ இதற்கு ஸ்டார்ட் அவ்வளவு முக்கியம், முதல் பத்து ஸ்ட்ரோக் தவறினால் பிடிக்க இடமில்லை. நல்ல கால்பலம் இருக்கும் பெண்ணாக இருந்தால் பீச் ஸ்பிரிண்ட் பற்றிக் கோச்சிடம் இப்போதே பேசுங்கள், நமக்குக் கடற்கரைக்குப் பஞ்சமில்லை.

குடும்பத்தோட வர்றோம். என்ன கொண்டுவரணும், என்ன செய்யக் கூடாது?

தொப்பி, தண்ணீர், பைனாகுலர் இருந்தால் பைனாகுலர். கரையில் நிழல் குறைவு. வீட்டுப் பலகாரம் கொண்டுவந்தால் ரேஸ் எல்லாம் முடிந்தபின் கொடுங்கள், எண்ணெய்ப் பண்டம் எதுவும் அதற்கு முன் வேண்டாம். லைட்வெயிட் பிள்ளைகளுக்கு எடை முடிந்தபின் என்ன தருவது என்பதைக் கோச் ஏற்கெனவே திட்டமிட்டிருப்பார், நடுவில் புகாதீர்கள்.

கரையிலிருந்து பெயர் சொல்லிக் கத்தலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், கடைசி 250 மீட்டரில் அது கேட்கும். மெகாபோனில் 'வேகத்தைக் கூட்டு' என்றெல்லாம் சொல்லக் கூடாது, கருவி மூலம் வெளியிலிருந்து யோசனை சொல்வது விதிமீறல். படகு கரைக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க ஆசையாக இருக்கும். முதலில் அவர்கள் படகைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய் ஸ்டாண்டில் வைக்க வேண்டும், படகின் எடை சோதனைக்கு அழைத்தால் அங்கே போக வேண்டும், அடுத்த அணி காத்திருந்தால் படகைக் கொடுக்க வேண்டும். துடுப்புகள் மட்டும் பாண்டூனில், அதாவது படகு வந்து சேரும் மிதக்கும் மேடையில், கிடக்கும். மிதிக்காமல், அலகு எதிலும் இடிக்காமல் அவற்றைத் தூக்கி வந்து கொடுக்கலாமா என்று கோச்சிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்.